துடைத்த தகட்டில் செய்த சோதனை

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். கடிதத்தின் வழக்கமான முதல் வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, நின்று படி, ஏனென்றால் இந்த முறை அது ஒரு திருத்தம். எனக்கு உடம்பு முடியவில்லை, தலைசுற்றல், பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றெல்லாம் உன் அண்ணன் போனில் உன்னிடம் சொல்லியிருக்கிறான். நீ பதறிப்போய் உன் அண்ணியிடம் விசாரித்திருக்கிறாய். அவள் துணி மடித்துக்கொண்டே, "அத்தே, உங்களுக்குத் தலை சுத்துதாமே, என்கிட்ட சொல்லவே இல்லையே" என்று கேட்டபோதுதான் என் நோய் எனக்கே தெரியவந்தது. டாக்டர் சொன்னது மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று மட்டும். மாற்றிவிட்டேன். ரத்த அழுத்தம் உன் அண்ணனுடையதைவிட நன்றாக இருக்கிறது, அதையும் அவரேதான் சொன்னார். ஆகவே ஓய்வுக்காக ஆறு மாதம் உன்னிடம் வந்திருக்க நான் சம்மதித்துவிட்டேன் என்று அவன் சொன்னதும் சரியல்ல. அப்படி ஒரு பேச்சு என் காதுக்கே வரவில்லை, சம்மதம் எங்கிருந்து வரும்? நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, நீதான் எழுதுவதே இல்லையே.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதை முறையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் அவன் ஒரு பாதி நான் ஒரு பாதி என்று கேட்டு நீ நடுவில் ஒரு கதை கட்டிக்கொள்வாய். உன் அப்பா போனபிறகு பட்டறையை விட்டு வெளியே போகும் சாமான் ஒவ்வொன்றையும் நான் பார்த்துத்தான் அனுப்புகிறேன் என்பது உனக்குத் தெரியும். ஓரம் சாய்ந்திருந்தால் திருப்பி உள்ளே அனுப்புவேன். எனக்குப் பின்னால் எல்லாரும் ஹெட்மிஸ்ட்ரஸ் என்று சொல்வதும் தெரியும், அதில் எனக்கு வருத்தமில்லை, கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளை வேறு எப்படிச் சொல்வார்கள். போன வருடம் அண்ணன் பிளாஸ்மா வெட்டும் மெஷின் வாங்கினான் அல்லவா, அதில் ஆரம்பித்தது எல்லாம். மெஷின் நல்ல மெஷின்தான். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் மேசைமேல் நெருப்பைக் கக்கும் டார்ச் அந்தக் கோட்டிலேயே ஓடி இரும்புத் தகட்டை மின்னல் மாதிரி அறுக்கிறது. ஆனால் அந்த டார்ச்சின் முனை தகட்டைத் தொடவும் கூடாது, தூரப் போகவும் கூடாது, இரண்டு நாணயத்தை அடுக்கி வைத்த அளவு இடைவெளியில் மிதந்துகொண்டே போகவேண்டும். தூரம் போனால் ஓரம் சரிந்து அடியில் கசடு ஒட்டுகிறது, கிட்ட வந்தால் தகட்டில் இடித்து முனை போய்விடுகிறது. நம்மிடம் வருவதோ மெல்லிய தகடு. சூடு பட்டதும் மழையில் நனைந்த அட்டை போல ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஆபரேட்டர், அதுதான் நீ கறுப்புக் கண்ணாடி என்று பெயர் வைத்தாயே அவர், ஒரு கையைப் பொத்தானிலேயே வைத்துக்கொண்டு ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி நாள் முழுவதும் நின்றார். கவனம் ஒரு கணம் பிசகினால் அந்தத் தகடு போயிற்று. போனது போக மிச்சத்தைத் தேய்த்துச் சரிசெய்ய கிரைண்டிங்கில் ஒரு ஆள்.

இதற்கிடையில் காற்றோட்டக் கிராதி செய்துகொடுக்கும் ஒரு பெரிய ஆர்டரை உன் அண்ணன் பிடித்துவந்தான். அவனாகவே போய், அவனாகவே பேசி. ஒவ்வொரு தகட்டிலும் சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். கையால் ஏற்றி இறக்கி இதைச் செய்ய முடியாது. டார்ச்சின் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கருவி ஒன்று வாங்கியாக வேண்டும், நாள் தவறினால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் இனி அந்த மனிதர்கள் நம் வாசலை மிதிக்கமாட்டார்கள். இது வரைக்கும் நானும் அவனும் ஒரே கட்சிதான்.

கருவியை விற்க வந்தவர் இளைஞர், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, எதைக் கேட்டாலும் "கண்டிப்பா மேடம்" என்பார். கனமான தகட்டில் ஓடுமா என்றால் கண்டிப்பா மேடம். மெல்லியதில்? கண்டிப்பா மேடம். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றாலும் அதேதான். மனதுக்குள் அவருக்குக் கண்டிப்பா என்றே பெயர் வைத்துவிட்டேன். அவர் இரண்டு வகைக் கருவி காட்டினார். வெட்டும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். முனைக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள நெருப்பு நீண்டால் வோல்டேஜ் கூடும், சுருங்கினால் குறையும், அதைப் பார்த்தே உயரத்தைக் கருவி கணித்துக்கொள்ளும். வித்தியாசம் நெருப்பு பற்றுவதற்கு முன்னால். அப்போது வோல்டேஜ் ஏது, தகடு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே. ஒன்று முனையால் தகட்டை லேசாகத் தொட்டு, மின்சாரம் ஓடுவதை வைத்துத் தெரிந்துகொள்ளும். இன்னொன்று டார்ச்சைத் தகட்டில் அழுத்தும், அதன் பிடி மேலே எழும்பும்போது ஒரு ஸ்விட்ச் தட்டும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளும். அண்ணனுக்குத் தொடுகிற வகைதான் பிடித்தது. வேகம், மெல்லிய தகட்டை அமுக்காது. எனக்கும் அதில் மறுப்பில்லை. சோதித்துப் பார்த்து வாங்கலாம் என்று மட்டும் சொன்னேன். அதற்குத்தான் அன்று இரவு உனக்குப் போன் வந்தது, எனக்குத் தலைசுற்றல் வந்ததும் அன்றுதான்.

இங்கே எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. இந்த வாரம் முழுக்க இப்படித்தான், எதிலும் கால் மணி நேரம் உட்கார முடியவில்லை.

கண்டிப்பா தன் வண்டியிலேயே ஒரு தகடு கொண்டுவந்திருந்தார், கண்ணாடி மாதிரி சமமாக, பளபளவென்று. அதில் வெட்டிக் காட்டினால் நானே வாயால் ஊதி வெட்டிவிடலாம். இது வேண்டாம், எங்கள் கிடங்கில் இருப்பதிலேயே அதிகமாக வளைந்ததைப் போடுங்கள் என்றேன். உன் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வளைந்த தகட்டில் டார்ச் அலைமேல் போகும் படகு மாதிரி ஏறி இறங்கிப் போயிற்று, பார்க்க அழகாகவே இருந்தது. பிறகு மூலைகள். மூலை வந்ததும் மெஷின் வேகத்தைக் குறைக்கும், நெருப்பு ஒரே இடத்தில் நின்று அகலமாகத் தின்னும், வோல்டேஜ் கூடும், உயரம்தான் கூடிவிட்டது என்று ஏமாந்து டார்ச் மூக்கைக் கீழே குத்தும். குத்தியது. முதல் தகட்டிலேயே ஒரு முனை போயிற்று. கண்டிப்பா முகம் வெளிறிப்போய், மூலையில் வேகம் குறையும்போது மட்டும் வோல்டேஜ் சொல்வதைக் காதில் வாங்காதே என்று கருவிக்குச் சொல்லிவைத்தார். சரியாயிற்று. ஏற்கெனவே வெட்டிய கோட்டைக் குறுக்கே தாண்டச் சொன்னேன், தாண்டியது. புது முனையை எடுத்துவிட்டுத் தேய்ந்துபோன முனையைப் போடச் சொன்னேன், நாம் கடைசிவரை உறிஞ்சித்தானே தூக்கிப் போடுகிறோம். அதற்கும் கருவியில் ஒரு அளவை மாற்றி ஓடவைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி என் பக்கம் குனிந்து, "அம்மா, பாவம் அந்தத் தம்பி, பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதுற மாதிரி வேர்த்து ஊத்துது" என்றார். பாஸா என்றான் உன் அண்ணன். பாஸ் என்றேன். அவன் சிரித்தான். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தப் பல்வரிசையைப் பார்த்தேன். கண்டிப்பாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கையால பாஸ் வாங்கிட்டீங்க சார், ஃப்ரேம் போட்டு மாட்டிக்கோங்க" என்றான். திங்கட்கிழமை கையெழுத்து என்று பேச்சாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்த பட்டறைத் துணிகளை அலசப் போனேன். உன் அண்ணி வாஷிங் மெஷினில் போடட்டுமா என்றாள், அந்த அழுக்கு உன் மெஷினைக் கெடுத்துவிடும் என்று நானே உட்கார்ந்தேன். தண்ணீர் தார் மாதிரி கறுத்துப் போயிற்று. மாற்றினேன், மறுபடியும் கறுப்பு. துணி கையில் மெழுகு பிடித்த மாதிரி வழுக்கியது. எதைத் துடைத்த துணி இது என்று யோசித்துக்கொண்டே பிழிந்தேன், அப்புறம் கை நின்றுவிட்டது. துரு ஏறாமல் இருக்க இரும்பு மில்லிலேயே தகட்டின்மேல் ஒரு எண்ணெய் பூசி அனுப்புகிறார்கள். கிடங்கில் கிடந்து தூசியோடு சேர்ந்து அது வார்னிஷ் மாதிரி காய்ந்துவிடும். வேலை நாளில் யாரும் அதைத் துடைப்பதில்லை, நெருப்பில் தானே எரிந்துபோகும். சோதனை நாளன்று மட்டும் ஒவ்வொரு தகட்டையும் மேசைமேல் ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு தடவை தின்னர் போட்டுத் துடைத்தார்கள். துடைக்கச் சொன்னது நான். வெளியாள் வந்து நிற்கும்போது அழுக்குச் சாமானை முன்னால் வைப்பதா என்று சொன்னதும் நான்தான். இன்ஸ்பெக்ஷன் நாளில் மேசையைத் துடைத்துவிட்டு உட்காரும் புத்தி அறுபது வருடமாகியும் போகவில்லை. தொட்டுத் தெரிந்துகொள்ளும் கருவிக்கு முனையும் இரும்பும் சுத்தமாகத் தொட்டால்தானே மின்சாரம் ஓடும்? கண்டிப்பா கொண்டுவந்த தகடு சமமாக இருக்கிறது என்று குற்றம் சொன்னவள், நம் தகட்டையே அவர் தகடு மாதிரி பளபளப்பாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்று எழுதினால் உனக்கு அலுத்துப்போகும். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடந்தேன். உன் அண்ணி, "அத்தே, நீங்க நடக்குற நடையில டைல்ஸ் தேஞ்சுடும், உக்காருங்க" என்றாள். உன் அண்ணன் பிள்ளைகளோடு சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். இப்போது போய்ச் சொன்னால், அம்மாவுக்கு நான் ஜெயித்தது பொறுக்கவில்லை என்றுதான் நினைப்பான். சொல்லாவிட்டால் நாளைக்கு அவன் கையெழுத்துப் போட்டு, கிராதித் தகட்டில் முதல் துளையிலேயே கருவி கவிழும், அவன் பிடித்துவந்த ஆர்டர் அவன் கண் முன்னாலேயே போகும். உன்னிடம் போனில் கேட்கலாமா என்றுகூட எடுத்தேன். வைத்துவிட்டேன். நீ அண்ணனுக்கும் நல்லவள் எனக்கும் நல்லவள், இரண்டு பேரும் சொல்வது சரிதான் என்பாய்.

திங்கட்கிழமை பட்டறையில் கண்டிப்பா பேனாவைத் திறந்துவிட்டார். நான் ஒரு தகடு பாக்கி இருக்கிறது என்றேன். உன் அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "போதும்மா. பாஸ்னு உன் வாயாலதான் சொன்னே. கொஸ்டின் பேப்பரை மாத்திக்கிட்டே இருந்தா எவன்தான் பாஸ் பண்றது?" என்றான், எல்லார் முன்னாலும், கிரைண்டிங்காரர் மெஷினையே நிறுத்திவிட்டார். ஒரே ஒரு தகடு, கிடங்கில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே, துணி படாமல் என்றேன். கண்டிப்பா பாவம், இப்போதும் "கண்டிப்பா மேடம்" என்றார். தகடு ஏறியது. டார்ச் இறங்கியது, தொட்டது, நிற்கவில்லை. தொட்டது அதற்குத் தெரியவே இல்லை, இன்னும் இறங்கியது, தகடு அதன் கீழே குழிந்தது, டக்கென்று, இடித்தால் விட்டுவிடும் காந்தப் பிடியிலிருந்து கழன்று டார்ச் கேபிளில் தலைகீழாகத் தொங்கிற்று. உன் அண்ணன் குனிந்து தகட்டில் விரலை வைத்து இழுத்தான், விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான், பிறகு கேட்டான், "அன்னிக்கு இதையெல்லாம் யாரு துடைக்கச் சொன்னது?" கறுப்புக் கண்ணாடி கூரையைப் பார்த்தார். நான் வகுப்பில் தூக்குவது மாதிரி கையைத் தூக்கினேன். "அப்ப கொஸ்டின் பேப்பரே தப்பு" என்றான். ஆமாம், கேள்வித்தாள் தப்பு என்றேன். கிரைண்டிங்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அவனும்.

ஆனால் சிரிப்பு வேலையை முடிப்பதில்லை. அழுத்துகிற வகையை மாட்டிப் பார்த்தார்கள். எண்ணெயைப் பற்றி அதற்குக் கவலையில்லை, ஆனால் மெல்லிய தகட்டை அழுத்தி வளைத்துவிட்டு, தகடு அங்கேதான் இருக்கிறது என்று நினைத்து ரொம்பக் கிட்டத்திலேயே நெருப்பைப் பற்றவைக்கிறது. முதலில் தொட்டுப் பார்த்து, அது தெரியாவிட்டால் ஸ்விட்சை நம்பும் மூன்றாவது வகை இல்லையா என்று அண்ணன் கேட்டான். "இருக்கு சார், நீங்க கேக்கலையே" என்று கண்டிப்பா சொன்னாரே பார்க்கலாம். அது வந்துசேரத் தாமதமாகும், கிராதி ஆர்டரின் கெடுவை ஒட்டித்தான் வரும், கொஞ்சம் பிசகினாலும் நாள் தவறும். இல்லாவிட்டால் முதல் வகையையே வாங்கி, ஒவ்வொரு தகட்டையும் துடைத்தே ஏற்றுவது. எனக்கு எது சரியென்று தோன்றியது என்று உனக்கும் சொல்லப்போவதில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

எல்லாரும் போனபிறகு உன் அண்ணன் தொட்டியில் கை முகம் கழுவிக்கொண்டிருந்தான். நான் துண்டை நீட்டினேன். வாங்காமலே பேசினான். "அம்மா, நீ சரியா சொல்ற, இல்லேங்கல. ஆனா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீ இல்லாம நானே ஒரு முடிவு எடுத்துப் பாக்கணும். தப்பாப் போனாலும் பரவால்ல. நீ பக்கத்துல நின்னா என் வாய்லருந்து உன் பேச்சுதான் வருது" என்றான். அதற்காகவா எனக்கு நோய் கொடுத்தாய் என்று கேட்டேன். "உடம்பு சரியில்லேன்னா உனக்கும் மரியாதையா இருக்கும்னு நெனச்சேன்" என்றான். நாற்பத்தைந்து வயது ஆள், முகத்தில் சோப்பு நுரையோடு. எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கமாட்டேன். பெற்ற தாயைப் பொய் சொல்லி மூட்டை கட்டி அனுப்பப் பார்த்தவன் மரியாதையைப் பற்றிப் பேசுகிறான். ஆனால் வீடு வந்து சேருவதற்குள் அவன் கேட்டதில் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது. நான் சொன்னதைக் கேட்டு ஒழுங்காக நடத்தும் ஒரு மகனைத்தான் இத்தனை வருடம் வளர்த்திருக்கிறேன். முடிவு எடுக்கிற மகனை வளர்த்திருக்கிறேனா என்பது எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. எதை வாங்குவது என்பது உன் பொறுப்பு, நான் வரமாட்டேன், கேட்கவும் மாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

சொன்னது சுலபம். அதன்பிறகு வீட்டில்தான் இருக்கிறேன். பின்தெருவில் கம்ப்ரசர் ஓடும் சத்தம் ஜன்னலில் வருகிறது. நெருப்பு பற்றும் அந்தச் சீற்றலை எண்ணுகிறேன், நின்றால் ஏன் நின்றது என்று எழுந்துவிடுகிறேன். குழாய் ஒழுகுவதற்கு வாஷர் நானே மாற்றினேன், அலமாரியை இரண்டு தடவை அடுக்கிவிட்டேன். அவன் வந்து சாப்பிடுகிறான், ஒன்றும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை, உன் அண்ணி நடுவில் குழம்பை நகர்த்துகிறாள். நேற்று செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். இன்னொரு நாள் கேட்டைத் திறந்துவிடுவேன், திறந்தால் பட்டறைக்குள் போவேன், போனால் வாயைத் திறப்பேன். என்னை எனக்குத் தெரியும். இங்கே இருந்துகொண்டு அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற என்னால் ஆகாது.

அதனால் யோசித்தேன். நோயாளி என்று யாரும் அனுப்பி நான் வரமாட்டேன். அங்கே வந்தால் உன் வீட்டில் குறை சொல்லமாட்டேன் என்று பொய் சத்தியமும் செய்யமாட்டேன், சொல்வேன். உன் மசாலா டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டுவேன். மாப்பிள்ளை ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் பேசாமல் எடுத்து உலர்த்துவேன், ஆனால் என் முகத்தில் தெரியும். இதெல்லாம் தெரிந்து நீ என்னை வேண்டும் என்றால், அண்ணன் சொன்னதற்காக இல்லாமல் உனக்காக வேண்டும் என்றால், கண்ணு, நான் வருகிறேன்.

கடவுள் உங்கள் இருவரையும் எல்லா நலத்தோடும் வைத்திருக்கட்டும், உன் வேலையில் உன் சொல்லுக்கு மதிப்பு இருக்கட்டும். முதுகு வலிக்கிறது என்றாயே, அந்தத் தாழ்ந்த நாற்காலியை விட்டுவிடு, குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. அண்ணனிடம் எந்தக் கருவி வாங்கினான் என்று கேட்டு எனக்குச் சொல்லாதே, சொன்னால் நான் பட்டறைக்குப் போய்விடுவேன்.

நான் வரவேண்டுமா வேண்டாமா என்று எனக்கு ஒரு கடிதம் எழுது. போனில் சொல்லாதே, உன் இஷ்டம் அம்மா என்றும் எழுதாதே. உன் கையால், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுதி அனுப்பு.

உன் அன்பு அம்மா